ஒரு விரலில் பிடிக்கும் பிரேக்

மலையிலிருந்து இறங்கி வந்த பல் டாக்டரின் சட்டைக் கை கிழிந்திருந்தது. முழங்கையில் தோல் வழன்றிருந்தது. தாடையில் முள் கீறிய கோடு. வாய் மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

“பிரேக் சரியில்ல,” என்றார், சைக்கிளை விட்டு இறங்கும்போதே. “வளைவுல பிடிக்கவே மாட்டேன்னுடுச்சு. நேரா புதருக்குள்ள போய் விழுந்தேன். நல்லவேளை, புதர் இருந்துச்சு.”

அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு, ஃபிளாஸ்க்கும் கையுமாக நின்றிருந்தாள் அவர் மனைவி. அந்த இடத்தில் புதர் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மலையை அண்ணாந்து பார்த்தபடி காத்திருப்பவள் அவள். பதில் அவளுக்கே தெரியும். டீயை ஊற்றி நீட்டினாள். அவர் வலது கையால் வாங்கிக்கொண்டார். இடது கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் பால்கனிக்குப் போனாள். தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் வைத்த மலைச் சைக்கிள் அது. சுவரோரமாக, ஒரு தப்பும் செய்யாததுபோல் சாய்ந்திருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி, வேகமாகச் சுழற்றிவிட்டு, கைப்பிடியின் இடப்பக்கம் இருக்கும் பிரேக் லீவரை ஆள்காட்டி விரலால் மட்டும் இழுத்தாள். அந்தச் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு உரிய பிரேக் அதுதான். இறக்கத்தில் ஆளைக் காப்பாற்றுவதும் அதுதான்.

சக்கரம் டக்கென்று நின்றது.

மறுபடி சுழற்றினாள். மறுபடி நின்றது. ஏறி உட்கார்ந்து, லீவரைப் பிடித்தபடியே காலால் உந்தித் தள்ளிப் பார்த்தாள். சைக்கிள் இம்மியும் நகரவில்லை. அவளுடைய பிழைப்பே பிரேக்கைச் சோதிப்பதுதான். அடுக்குமாடிக் கட்டடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஓடும் லிஃப்ட்டுகளின் உச்சியில் ஏறி நின்று, கம்பியையும் பிரேக்கையும் பார்த்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று சொல்கிற இன்ஸ்பெக்டர். எத்தனையோ பிரேக் பார்த்திருக்கிறாள். ஒரு பிரேக் நன்றாக இருக்கிறதே என்று அவள் பயந்தது அன்றைக்குத்தான்.

பிரேக் நன்றாக இருக்கிறது என்றால் சரியில்லாதது எது? அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நாளாகவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். துணி காயப்போடும்போது கிளிப்பை அழுத்த முடியாமல் அவர் இரண்டு கையாலும் பிடிப்பார். அவள் திரும்பினால் துணியை உதறுவதுபோல் பாவனை செய்வார். சாவியை வலது கைக்கு மாற்றிக்கொள்வார். எல்லாவற்றையும்விட அந்த நகங்கள். பல் டாக்டர் நகம் வளர்க்கமாட்டார். ஆனால் வலது கை நகங்களை வெட்ட வேண்டியது இடது கை அல்லவா? நகவெட்டியை அழுத்த அந்தக் கைக்குத் தெம்பில்லை. அதனால் வலது கையின் நகங்களை அவர் கடிக்க ஆரம்பித்திருந்தார். நகம் கடிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து மிரட்டி அனுப்புகிற மனிதர், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நகம் கடித்தார். ஓரங்கள் பிசிறாக இருந்ததைப் பார்த்து அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை. மற்ற கையில் அது மேடாக இருந்தது. இடது கையில் குழிவிழுந்து கிடந்தது.

ஒருநாள் வேலைக்கு நடுவே ஃபோனில் தேடிப் பார்த்தாள். தேடியிருக்கக்கூடாது. முதல் பக்கத்திலேயே ஒரு நோயின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, ஒவ்வொரு தசையாக ஓய்ந்துபோகும், குணமாகாது என்று இருந்ததைப் பாதி படிப்பதற்குள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பெயரை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதே பக்கத்தில், சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு உள்ளங்கை கைப்பிடியில் அழுந்தி அழுந்தி நரம்பு நசுங்குவது உண்டு, ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றும் போட்டிருந்தது. அதைத்தான் அவள் நம்பியிருக்க வேண்டும். ஆனால் பயந்தவர்கள் என்றைக்கு நல்ல செய்தியை நம்பியிருக்கிறார்கள்?

டாக்டருக்குத் தெரியாமல் இருக்குமா? பல் டாக்டரானாலும் அவரும் உடம்பைப் படித்தவர்தான். அந்தக் குழி எதனால் எல்லாம் விழலாம் என்று அவளைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதுதான் தொல்லை. தெரிந்தவர் என்ன செய்ய வேண்டும்? நரம்பு டாக்டரிடம் போக வேண்டும். இவர் சைக்கிள் பிரேக் வாங்கக் கிளம்பினார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பிரேக் புராணம்தான். சாப்பிடும்போது பிரேக், சட்டை போடும்போது பிரேக். ஃபோனை அவள் மூக்குக்கு நேரே நீட்டிப் படம் படமாகக் காட்டினார்.

“இப்ப இருக்கிறது ரெண்டு பிஸ்டன். நாலு பிஸ்டன் போட்டா பேடை நல்லா அமுக்கும். டிஸ்க்கையும் ஒரு சைஸ் பெருசா மாத்திட்டோம்னு வையி, ஒரு விரல் போதும். சும்மா தொட்டாலே நின்னுடும்.”

“இப்ப எத்தனை விரல் வேண்டியிருக்கு?” என்று கேட்டாள் அவள்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் மும்முரமாகிவிட்டார். “இதுல பாரு, லீவர் எவ்ளோ குட்டியா இருக்கு. அழகா இல்ல?”

“அழகாத்தான் இருக்கு. பழைய பிரேக்குக்கு என்னவாம்?”

“வயசாயிடுச்சு.”

“உங்களுக்கா, பிரேக்குக்கா?”

“ரெண்டுக்கும்தான்,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு எட்டவில்லை. அவளுக்கும் மேற்கொண்டு கேட்கத் தைரியம் வரவில்லை. வாயைத் திறந்து கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம். வெளியில் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், “உங்க லிஃப்ட் ஓடக்கூடாது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறவள், வீட்டில் ஒரு கையைப் பற்றிப் பேச முடியாமல் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதிராளியின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள். அவர் வீட்டிலும் அதே வித்தையைக் கையாண்டார். அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, “சனிக்கிழமை கடைக்குப் போய் பிரேக்க மாத்திடலாம். ஞாயித்துக்கிழமை சிங்கப்பல் எங்களைப் பெரிய மலைக்குக் கூட்டிட்டுப் போறான். சரிதானே?” என்றார். சிங்கப்பல் என்பது அவருடைய சைக்கிள் கூட்டாளி. அந்தப் பேரை வைத்ததும் இவர்தான், அந்தப் பல்லைப் பார்த்துக்கொள்வதும் இவர்தான்.

வாய் நிறைய நுரையோடு அவள், “ம்ம்,” என்றாள். மறுப்புச் சொல்ல நுரையைத் துப்ப வேண்டும். துப்புவதற்குள் அவர் போய்விட்டார்.

பெரிய மலை. வழக்கமான மலையின் இறக்கமே அவரைப் புதருக்குள் தள்ளியிருக்கிறது. பெரிய மலையின் வளைவுகளில் புதர்கூட இல்லை என்று அவரே முன்பு பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. லிஃப்ட்டுக்குள் மணல் மூட்டைகளை ஏற்றி, ஓடும்போதே மின்சாரத்தை வெட்டிவிட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்தது. எப்போதும் பிடிக்கும். லிஃப்ட் பிரேக்கின் நல்ல குணமே அதுதான்: அது எந்நேரமும் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், மின்சாரம் வந்து கெஞ்சினால்தான் விடும். மின்சாரம் போனால், வயர் அறுந்தால், ஏதாவது ஒன்று கெட்டால், தானாகப் பிடித்துக்கொள்ளும். யாருடைய கையையும் அது நம்பியிருப்பதில்லை. சைக்கிள் பிரேக்கோ நேர்தலைகீழ். ஆள் அழுத்தினால்தான் பிடிக்கும். கை கெட்டால் பிரேக்கும் கெட்டது. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக் கோடிக்கணக்கான பேர் கையில் கொடுத்த புண்ணியவான் யார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலோடுதான் மத்தியானம் சைக்கிள் கடைக்குப் போனாள்.

கடைக்காரருக்கு அந்த வட்டாரத்தில் ‘வேண்டாம் அண்ணன்’ என்றே பெயர். யார் என்ன வாங்க வந்தாலும் முதலில் “வேண்டாம்” என்பார். புது டயர் கேட்டால், இருக்கிறதே இன்னும் ஓடும், வேண்டாம். புது சீட் கேட்டால், உயரத்தை மாத்திக்குங்க, வேண்டாம். இப்படிச் சொல்லியே ஊரிலுள்ள சைக்கிள்காரர்களையெல்லாம் தன் கடையிலேயே கட்டிப்போட்டு வைத்திருந்தார். பொய் சொன்னால் கழுத்திலிருந்து காது மடல் வரை சிவந்துபோகும் மனிதர். அப்படிப்பட்டவரிடம் அவள் ஒரு பொய்யைக் கேட்டு வந்திருந்தாள்.

“அண்ணே, சனிக்கிழமை அவரோட வருவேன். பிரேக் பாக்கச் சொல்லுவார்.”

“பாத்துடலாம் மேடம்.”

“பாத்துட்டு, தேஞ்சு போச்சு, மாத்தணும்னு சொல்லிடுங்க.”

“தேஞ்சிருந்தா சொல்லுவேன்.”

“தேயல. நான் பாத்துட்டேன். நல்லா இருக்கு.”

வேண்டாம் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார், துடைத்த துணி கையைவிட அழுக்காக இருந்தது.

“இருக்கிறதுலயே லேசா அழுத்தினா பிடிக்கிறது எதுவோ, அதை மாட்டிவிடுங்க,” என்றாள். “ஏன்னு கேக்காதீங்க. அவருக்குத் தெரியக்கூடாது.”

“அது வந்து மேடம்… டாக்டர்…” என்று ஆரம்பித்தவர் மென்று விழுங்கினார். காது மடல் அதற்குள்ளாகவே சிவந்துவிட்டது. “எனக்கு இந்த மாதிரி… நான்…”

“ஒரே ஒரு தடவை அண்ணே.”

அதற்குள் பஞ்சர் டியூபோடு யாரோ உள்ளே வந்தார்கள். பாவம், நேர்மையான மனிதரை இப்படிச் சங்கடப்படுத்துகிறோமே என்று நினைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நல்ல லிஃப்ட்டைக் கெட்டது என்றோ, கெட்டதை நல்லது என்றோ சொல்லச் சொல்லி யாராவது அவளிடம் வந்தால் கட்டடத்தையே பூட்டி சீல் வைத்துவிட்டு வருவாள். இப்போது அவளே அந்த வேலையைச் செய்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் உருண்டு விழாமல் வீடு வந்து சேர்ந்தால் போதும்; வெட்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேண்டாம் அண்ணன் அதை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினார். முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக்குக்குள்ளிருந்து இரண்டு சின்னத் தகடுகளை உருவி எடுத்தார். அவைதான் பேடுகள், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பவை. அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முதலில் அவள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல், “பாருங்க மேடம், தேஞ்சு போச்சு. மாத்தணும்,” என்றார்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, “பாருங்க டாக்டர், தேஞ்சு போச்சு. மாத்தணும்,” என்றார்.

“நான் அப்பவே சொன்னேன் இல்ல?” என்றார் டாக்டர் மனைவியிடம்.

“ஆமாங்க, மாத்திடலாம்,” என்றாள் அவள். தன்னிடம் எதற்கு முதலில் சொன்னார் என்று ஒரு நொடி தோன்றியது. பேடை அவள் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டரும் பார்க்கவில்லை. வேண்டாம் அண்ணன் உள்ளங்கையை மூடிக்கொண்டார். காது பழுத்த தக்காளி நிறத்தில் இருந்தது.

கடைச் சுவரில் ஒரு பலகை. அதில் சைக்கிள் கைப்பிடிகளை வரிசையாகப் பொருத்தி, வகைக்கொரு லீவர் மாட்டியிருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் அழுத்திப் பார்ப்பதற்காக. டாக்டர் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். எல்லாவற்றையும் வலது கையால்.

“முன்பிரேக் இடது பக்கம்தானே?” என்றாள் அவள்.

வாய் தவறி வந்துவிட்டது. அவர் உடம்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, இடது கையை லீவரில் வைத்தார். அவள் முதுகைத்தான் பார்த்தாள். முதுகே போதுமானதாக இருந்தது. தோள் மேலே ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. லீவர் அசைந்த சத்தம் கேட்கவில்லை.

“ஸ்பிரிங் புதுசு. டைட்டா இருக்கு,” என்றார், யாரும் கேட்காமலே.

அடுத்தது. அதுவும் டைட். அதற்கடுத்தது, ‘பரவாயில்ல’. வேண்டாம் அண்ணன் மேலே சுற்றுகிற மின்விசிறியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிடா, பிடிடா என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கணவனை அவள் ஒருமையில் கூப்பிட்டதே இல்லை. அது அவரிடம் சொன்னதா, அந்தக் கையிடம் சொன்னதா என்று அவளுக்கே தெரியாது.

கடைசி லீவர் மெதுவாக உள்ளே போய்த் தட்டியது.

“இது!” டாக்டர் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை, ஆனால் பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளையின் சிரிப்பு. “இதுதான். நாலு பிஸ்டன்தானே இது? பெரிய டிஸ்க்கோட போட்டுடுங்க.”

“இதையே போட்டுடுங்க அண்ணே,” என்று அவளும் அவசரமாகச் சொன்னாள்.

வேண்டாம் அண்ணன் அசையவில்லை.

“டாக்டர், இது லேசாத் தொட்டாலே பிடிக்கும். அதுதான் இதுல சிக்கலே,” என்றார். “கடுசான பிரேக்ல கொஞ்சம் கூட அழுத்தினாலும் ஒண்ணும் ஆகாது. இதுல அப்படி இல்ல. ஒரு இம்மி கூடினா முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். ஆளைத் தலைக்கு மேல தூக்கிப் போட்டுடும். எவ்ளோ அழுத்தணும், எப்ப விடணும்னு விரலுக்குச் சுத்தமாத் தெரியணும். பிடிக்கிறதவிட விடுறதுக்குத்தான் இதுல நல்ல கை வேணும்.”

“பழகிடும்.”

“அடிவாரத்துல பழகலாம் டாக்டர். நாளைக்குப் பெரிய மலைன்னு சொல்றீங்க.”

“அண்ணே, மாட்டுங்கன்னு சொல்றோம் இல்ல?” டாக்டரின் குரல் உயர்ந்தது. கிளினிக்கில்கூட அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

வேண்டாம் அண்ணன் மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்து, இரண்டு பேடுகளையும் மேஜைமேல் போட்டார்.

“என்னால முடியாதுங்க,” என்றார். “இந்தப் பேடு முக்கால்வாசிக்கு மேல அப்படியே இருக்கு. தேஞ்சு போச்சுன்னு சொல்லச் சொல்லி செவ்வாய்க்கிழமை நீங்க வந்தீங்க. வீட்டுல இன்ஸ்பெக்டரம்மா, நான் சொன்னா நம்பமாட்டா, நீங்க சொன்னா நம்புவான்னீங்க. சரின்னேன். மறுநாளே மேடம் வந்து, அதே பொய்ய உங்ககிட்ட சொல்லச் சொல்றாங்க. நான் யாருகிட்டதான் சொல்றது? மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. கடை வச்ச நாள்ல இருந்து ஒருத்தருக்கும் வேண்டாத சாமானை மாட்டினதில்ல. நாளைக்கு அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, மாட்டினது நான்தானே?”

டாக்டர் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“நான் டீ சொல்லிட்டு வர்றேன்,” என்று சொல்லிவிட்டு வேண்டாம் அண்ணன் தன் கடையிலிருந்து தானே ஓடிப்போனார்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் டாக்டரைப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட இரண்டு திருடர்களுக்குள் யார் யாரைக் கோபிப்பது? அவளுக்குக் கோபம் வரத்தான் செய்தது. இத்தனை நாளும் தான் ஒருத்தி மட்டும் இந்தப் பயத்தைச் சுமப்பதாக நினைத்திருந்தாள். பக்கத்துத் தலையணையில் அவரும் அதையே சுமந்துகொண்டு, தூங்குவதுபோல் படுத்துக்கிடந்திருக்கிறார்.

கடையில் ஒரு நீளப் பெஞ்சு. அவர் போய் அதில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

“நகம் கடிக்க ஆரம்பிச்சப்பவே.”

“சே,” என்றார். “அதையும் பாத்துட்டியா?”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ஒருத்தருக்குக் கடவாய்ப்பல் பாத்துட்டு இருந்தேன். இடது கையில வாய்க்குள்ள விட்டுப் பாக்கிற கண்ணாடி. கன்னத்தை ஒதுக்கிப் பிடிச்சிருக்கேன். கை தானா கீழ இறங்குது. நான் இறக்கல. அதுவா இறங்குது. இப்ப நர்ஸ்தான் பிடிக்கிறாங்க. ஏன்னு அவங்களும் கேக்கல.” வலது கை நகங்களைப் பார்த்துக்கொண்டார். “எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க.”

“டாக்டர்கிட்ட போகலாம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? வலி முத்தினப்புறம் வர்றவங்கள என்ன பேச்சுப் பேசுவீங்க! அந்த நாற்காலியில படுக்க வச்சு, வாயில பஞ்ச அடைச்சு, ‘இவ்ளோ நாள் என்ன செஞ்சீங்க’ன்னு எத்தனை பேரை அழ விட்டிருக்கீங்க?”

“அவங்களுக்கு நான் சொல்லப்போறது ஒரு பல்லு போச்சுங்கிறதுதானே.” அவர் இடது கையை மடியில் போட்டு, வலது கையால் அதன் குழிவை மெதுவாகத் தடவினார். “ஹேண்டில்ல அழுந்தி நரம்பு நசுங்கியிருக்கலாம். அப்படின்னா சைக்கிள மூட்டை கட்டி வச்சா சரியாயிடும். இல்ல, அந்த இன்னொண்ணா இருக்கலாம். இன்னைக்கு வரைக்கும் ரெண்டும் இருக்கு. போய் உட்காந்து, ஊசியக் குத்திப் பாத்தாங்கன்னா, அப்புறம் ஒண்ணுதான் இருக்கும். எனக்கு ரெண்டும் வேணும்மா. அந்த நல்லது கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்னு நெனச்சேன்.”

அவளும் அதையேதான் செய்திருக்கிறாள். ஃபோனைக் கவிழ்த்து வைத்தது வேறு எதற்காக?

“பிரேக்க மாத்திட்டா எல்லாம் மாறிடும்னு நெனச்சீங்களா?” என்றாள் கடைசியில்.

“நெனைக்கல. ஆனா பிரேக் வாங்கப் போற ஆளு நாளைக்கு சைக்கிள் ஓட்டப்போற ஆளுதானே? அப்படி இருந்தது எனக்கு. ஒரு வாரம் நல்லா இருந்தது.”

“எனக்கு நல்லா இல்ல. பயந்து செத்தேன்,” என்றாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. “நீங்க மேல ஏறிப்போன நிமிஷத்துல இருந்து கீழ நின்னு அந்த வளைவையே பாத்துட்டு இருப்பேன். ஒவ்வொரு தடவையும் தல தெரியிற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் பரவாயில்லங்க. எது ஒண்ணுன்னு எனக்குத் தெரியணும். தெரியாம என்னால முடியல.”

வெளியே வேண்டாம் அண்ணன் டீத் தம்ளர்களோடு வந்துவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் ஃபோனை எடுத்தார். நாளைக்கு வரவில்லை என்று சிங்கப்பல்லுக்குச் செய்தி அனுப்பினார். ஒற்றைக் கையால் எழுத நேரம் பிடித்தது. அவள் குறுக்கே புகுந்து உதவி செய்யவில்லை.

“எவ்வளவு மோசம்னு உனக்குத் தெரியாது,” என்றார் ஃபோனை வைத்துவிட்டு. “நான் உனக்குக் காட்டினதே இல்ல.”

“காட்டுங்க.”

“நீதான் டெஸ்ட் பண்ற ஆளாச்சே,” என்று சொல்லிவிட்டு இடது கையை அவள் பக்கம் நீட்டினார். இத்தனை நாளில் அந்தக் கையை அவராகவே அவளிடம் நீட்டியது அதுதான் முதல்முறை.

அவள் தன் இரண்டு விரல்களை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல்கள் மடங்கி வந்து அவற்றை மூடிக்கொண்டன. வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிற குழந்தை எதையாவது பிடித்துக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ஒரு பிடி. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ம், அழுத்துங்க,” என்றாள்.

“அழுத்திட்டுத்தான் இருக்கேன்,” என்றார்.